புளித்தும் குழையும் ஆப்பிள்

சாம்பார் வைக்கத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு விதி தெரியும்: காய் வெந்த பிறகுதான் புளி. முருங்கைக்காய் ஆனாலும் முள்ளங்கி ஆனாலும், வேகும் முன்பே புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் காய் நறுக்கென்றே நிற்கும். ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் விதியை யாரும் மீறுவதில்லை.

இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலேயச் சமையலறைக்குள் நுழைந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே வேகவைப்பதற்கென்றே ஓர் ஆப்பிள் ரகம் உண்டு, பெயர் பிராம்லி. பச்சைத் தோல், உள்ளங்கைக்குள் அடங்காத பருமன், அப்படியே கடித்தால் பல் கூசும் புளிப்பு. புளிப்பு காயை வேகவிடாது என்றால், ஆப்பிள்களிலேயே இதுதான் கடைசிவரை கல்லாக நிற்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். ஓவனில் கொஞ்ச நேரம் இருந்தாலே நுரைத்துப் பொங்கி, கரண்டி பட்டதும் கலைந்துவிடுகிறது. புளிப்பு குறைந்த கோல்டன் டெலிஷியஸ் முழுசாக வெந்த பிறகும் துண்டு துண்டாகவே நிற்கிறது.

இந்த முரணை அவிழ்க்க வசதியான பண்டம் ஆப்பிள் கிரம்பிள். செய்வதற்கு இதைவிட எளிய பேக்கிங் கிடையாது. பழத்துண்டுகளை ஒரு தட்டில் பரப்பி, மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பிசறிய உதிரியை மேலே தூவி, 180 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம். முட்டை அடிக்க வேண்டாம், மாவு பொங்குமா என்று கவலைப்பட வேண்டாம், அச்சிலிருந்து கவிழ்க்கும்போது உடையுமோ என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இது பிரிட்டன் முழுக்கப் பரவியது என்று பலரும் சொல்வார்கள். 1940 ஜனவரி 8 அன்று அங்கே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. பின்னர் ஒரு கட்டத்தில் ஆளுக்கு வாரம் 57 கிராம் வெண்ணெய்தான் கிடைத்தது. கொழுப்பைக் கொட்டித் தேய்த்துச் செய்யும் பை அந்த அளவுக்குள் கட்டுப்படியாகாது. கைக்குக் கிடைத்ததைப் பிசறித் தூவும் கிரம்பிள் கட்டுப்படியாகும். கதை முழுதும் ஆவணப்படி உண்மையோ இல்லையோ, கணக்கு சரியாக இருக்கிறது.

பிராம்லியின் கதைக்கு ஆவணம் உண்டு. நாட்டிங்காம்ஷயரில் சவுத்வெல் என்று ஒரு சிற்றூர். 1809-ல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி அங்கே தன் வீட்டில் ஆப்பிள் விதைகளை ஊன்றினாள். ஆப்பிளை விதையிலிருந்து வளர்த்தால் தாயைப் போலப் பிள்ளை வராது; எது முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத சூதாட்டம் அது. அந்தச் சூதாட்டத்தில் மூன்று தொகுதி குரோமோசோம்களுடன், அதாவது வழக்கமான 34-க்குப் பதில் 51 குரோமோசோம்களுடன் ஒரு மரம் வந்தது. 1846-ல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர் வாங்கினார். பத்து ஆண்டு கழித்து ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றுப்பண்ணை இளைஞர் ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டு வந்தபோது, 'எடுத்துக்கொள், ஆனால் என் பெயரைத்தான் வைக்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டாராம். விதை ஊன்றியவளின் பெயர் பழத்தில் இல்லை. வீட்டை வாங்கியவரின் பெயர் இருக்கிறது. பட்டா மாறினால் பலாவும் மாறும் என்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல.

இப்போது புளிக்கு வருவோம்.

பழமோ காயோ, அதன் உறுதிக்குக் காரணம் இரண்டு. முதலாவது, செல்லுக்குள் நிறைந்திருக்கும் நீர் செல்சுவரை உள்ளிருந்து தள்ளும் அழுத்தம். ஆப்பிளைக் கடிக்கும்போது வரும் 'மொறுக்' சத்தம் இந்த அழுத்தம் உடைவதுதான். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது செல்சவ்வுகள் சிதைந்து நீர் கசிந்துவிடும், அழுத்தம் போய்விடும். இரண்டாவது, பெக்டின். பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை இது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். அவற்றுக்கிடையே அங்கங்கே கால்சியம் பிணைப்பு. காய் வெந்துவிட்டது என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சங்கிலிகள் அறுந்து நீரில் கரைந்துவிட்டன என்பதையே.

சங்கிலி எவ்வளவு வேகமாக அறும் என்பதை நீரின் அமிலத்தன்மை தீர்மானிக்கிறது. பி.எச். அளவு 7-ஐ ஒட்டிய சாதாரணத் தண்ணீரில் அது நன்றாகவே அறும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் இன்னும் வேகம். சோடா போட்டு வேகவைத்த பட்டாணி கூழாவது இதனால்தான். அமிலம் ஏற ஏற, அதாவது பி.எச். இறங்க இறங்க, அறுபடும் வேகம் குறைந்துகொண்டே வந்து 4-ஐ ஒட்டி அடிமட்டத்தைத் தொடுகிறது. புளி ஊற்றிய குழம்பு இந்தப் பக்கம்தான் வருகிறது. காய் வேகாமல் முரண்டு பிடிப்பது இங்கேதான்.

பலரும் அறியாதது, அடிமட்டத்துக்கு அப்பால் வரைபடம் மறுபடி மேலே ஏறுகிறது என்பது. அமிலம் இன்னும் கூடி பி.எச். 3-ஐ நெருங்கும்போது, சங்கிலி அறுவதற்கு வேறொரு வழி திறக்கிறது. இங்கே சூடான அமிலமே சங்கிலியை வெட்டுகிறது. ஜாம் தொழிலுக்குப் பெக்டின் தயாரிப்பவர்கள் ஆப்பிள் சக்கையையும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலையும் சூடான அமில நீரில் ஊறப்போட்டுத்தான் பெக்டினைக் கழற்றி எடுக்கிறார்கள். மாலிக் அமிலம் நிறைந்த பிராம்லி அந்த வேலையைத் தனக்குத்தானே செய்துகொள்கிறது. சாம்பார் விதி பொய்யில்லை. அது பள்ளத்தின் ஒரு கரையை மட்டும் சொல்கிறது. பிராம்லி நிற்பது எதிர்க்கரையில்.

இது பாதி விளக்கம்தான். கிரானி ஸ்மித் ஆப்பிளும் நல்ல புளிப்பு. ஆனால் அது ஓவனில் பிராம்லி அளவுக்குக் கலைவதில்லை. செல்களுக்கு நடுவே எவ்வளவு காற்று, எவ்வளவு கால்சியம், பசை எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் ரகத்துக்கு ரகம் மாறும். புளிப்பை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்து இது குழையுமா நிற்குமா என்று சொல்லிவிட முடியாது. ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

கேட்டால் நம் பழக்கடையில் என்ன சொல்வார்கள்? சிம்லா, காஷ்மீர், வாஷிங்டன். இவை ஊர்ப்பெயர்கள், ரகம் பெரும்பாலும் ஒன்றே, ரெட் டெலிஷியஸ் அல்லது அதன் சொந்தக்காரர்கள். இமாச்சலத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். பிலடெல்ஃபியாவின் வசதியான குடும்பத்துப் பிள்ளை; 1904-ல் தொழுநோயாளிகளுக்குப் பணியாற்ற வந்து கோட்கட் மலைப்பகுதியிலேயே தங்கிவிட்டார். 1916-ல் அமெரிக்காவிலிருந்து தருவித்த நாற்றுகளை நட்டார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். பின்னாளில் சத்யானந்த் ஆனார். சந்தையை அவர் சரியாகத்தான் கணித்தார்: கண்ணைப் பறிக்கும் சிவப்பு, குறைந்த புளிப்பு, நல்ல இனிப்பு. அப்படியே சாப்பிட விரும்பும் ஊருக்கு ஏற்ற பழம்.

ஓவனுக்கு அது அவ்வளவு ஏற்றதல்ல. அமிலம் குறைவு; அதிலும் கிடங்கில் மாதக்கணக்கில் இருக்கும்போது பழம் சுவாசித்துக்கொண்டே இருக்கும், இருக்கிற மாலிக் அமிலத்தையும் எரித்துவிடும். செல்களை ஒட்டும் பசையும் தளரும். அப்படித் தளர்ந்த பழத்தைக் கடித்தால் செல்கள் உடைந்து சாறு தெறிக்காமல், ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொள்கின்றன. சாறு உள்ளேயே இருக்க, வாயில் மாவு மாதிரி தட்டுகிறது. இந்தப் பழத்தில் கிரம்பிள் செய்தால் வெறும் இனிப்புச் சேறு கிடைக்கும். கிரானி ஸ்மித் என்று பச்சையாக விற்பதை முக்கால் பங்கும், சிம்லா ஆப்பிளில் கெட்டியானதைக் கால் பங்கும் கலப்பது என் முடிவு. பச்சை கிடைக்காவிட்டால் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். அது சுவைக்கும் உதவும், நிறத்துக்கும் உதவும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாழைப்பூவை நறுக்கி மோர்த் தண்ணீரில் போடுகிற வீட்டில் இது பழைய செய்தி. கத்தி பட்டதும் செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பாலிபீனால்களும் ஒரு நொதியும் கலக்கின்றன, காற்றின் ஆக்சிஜன் சேர்ந்து பழுப்பாகிறது. அமிலம் அந்த நொதியை முடக்கும். எலுமிச்சையில் கூடுதலாக வைட்டமின் சி உண்டு. எப்படியும் ஓவன் சூட்டில் நொதி செத்துவிடும் என்பதால், நறுக்கியதும் ஓவனுக்குள் தள்ளுபவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

துண்டு துண்டாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த வேதியியல் இதுதான். நறுக்கிய துண்டுகள் மேல் கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் வைத்து வடித்துவிடுங்கள். குளிர்ந்த பழம் பட்டதும் தண்ணீர் 70 டிகிரி பக்கம் இறங்கிவிடும். 55-லிருந்து 70 டிகிரிக்குள் பழத்தின் சொந்த நொதி ஒன்று, பெக்டின் மெத்தில் எஸ்ட்டரேஸ், சுறுசுறுப்பாகிறது. சங்கிலிகளின் பக்கவாட்டில் தொங்கும் மெத்தில் தொகுதிகளை அது ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. கழன்ற இடங்களில் கால்சியம் வந்து பூட்டுப் போடுகிறது. இப்படிப் பூட்டிய பசை பிறகு 100 டிகிரியிலும் எளிதில் கரைவதில்லை. வேகாமல் இருப்பதற்காக முன்கூட்டியே சூடாக்குவது என்பது கேட்க விநோதமாக இருக்கும். கொதிநிலைக்கு நேரே போயிருந்தால் நொதி வேலை தொடங்கும் முன்பே செத்திருக்கும். இடையில் நிறுத்தியதுதான் சூட்சுமம்.

இனி மேலே தூவுவது. 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் அந்தச் சிட்டிகையை விட்டுவிடலாம். வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும். அதைச் சிறு துண்டுகளாக்கி மாவில் போட்டு, புட்டுக்கு மாவு பிசறுவதுபோல விரல்நுனியால் மட்டும் பிசறுங்கள். உள்ளங்கை படக்கூடாது, பிசையக்கூடாது. இங்கே நடப்பது மாவுத் துகள்களுக்குக் கொழுப்புக் கோட்டிங் போடும் வேலை. கோட்டிங் போட்ட துகளுக்குள் நீர் எளிதில் புகாது. நீர் புகாத மாவில் குளூட்டன் வலை பின்னாது. அதனால்தான் பல்லில் இழுக்காமல் உதிர்கிறது. சித்திரை மாதத்துச் சென்னையில் வெண்ணெய் விரலிலேயே உருகும். பாத்திரத்தையும் மாவையும் சேர்த்தே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு போல நீர் இருக்கிறது, நெய்யில் இல்லை. நீரே இல்லாதபோது துகள்கள் ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரளாது. நானகட்டாயின் மணல் மணலான உதிர்வு வரும். அதுவும் ருசிதான், ஆனால் கிரம்பிள் அல்ல.

ஆப்பிள் ஏறக்குறைய 800 கிராம். நான்கைந்து பழம் பிடிக்கும். விதைப்பகுதியை நீக்கி, கட்டைவிரல் பருமனுக்கு நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் பட்டைத்தூளும் புரட்டி, தட்டில் பரப்பி, உதிரியை மேலே தூவுங்கள். அமுக்காதீர்கள். அமுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓவனுக்குள் பார்க்க வேண்டும்.

ஓவன் 180 டிகிரி. ஆனால் பழம் அந்தச் சூட்டை ஒருபோதும் காண்பதில்லை. ஆப்பிளில் 85 சதவீதம் நீர். நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு கிராம் நீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதே கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஓவன் அனுப்பும் வெப்பத்தையெல்லாம் ஆவியாதலே விழுங்கிக்கொள்கிறது. கிரம்பிள் ஏன் இவ்வளவு எளிது என்பதற்கு என் பதில் இதுதான்: சூட்டைக் கட்டுப்படுத்தும் வேலையைச் சமைப்பவர் செய்வதில்லை, பழத்தின் நீர் செய்கிறது. கேக்கில் பத்து நிமிடம் கூடினால் வறண்டுவிடும். கிரம்பிளில் பத்து நிமிடம் கூடினால் யாருக்கும் தெரியாது.

மேல்தளத்தின் கதை வேறு. அங்கே இருக்கும் கொஞ்சம் நீர் சீக்கிரம் ஓடிவிடும். நீர் போனதும் சூடு 100-ஐத் தாண்டி ஏறும். 140 டிகிரி வாக்கில் மாவின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமாகத் தொடங்கும். 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மையார் விவரித்த வினை இது. தோசையின் முறுகலும் காப்பிக்கொட்டையின் கறுப்பும் இதே வகையறா. ஆக ஒரே தட்டில், இரண்டு விரற்கடை இடைவெளியில், கீழே 100 டிகிரியில் ஓர் ஈர உலகமும் மேலே 140-க்கு மேல் ஓர் உலர்ந்த உலகமும். இரண்டுக்கும் நடுவே நீராவி வெளியேற வழி வேண்டும். உதிரியை அமுக்கினால் அந்த வழி அடைபடும். நீராவி மாவிலேயே தங்கி, அடிப்பக்கம் பச்சை மாவுப் பசையாகிவிடும்.

மைக்ரோவேவில் இதைச் செய்பவர்கள் பழம் அருமையாக வெந்து, மேலே வெளுத்துக் கிடப்பதைக் கண்டு சலித்துக்கொள்வார்கள். மைக்ரோவேவ் சூடாக்குவது பெரும்பாலும் நீரை. சுற்றியுள்ள காற்று சூடாவதில்லை. மேல்தளம் 140-ஐத் தொடாது. ஓடிஜி இருந்தால் நடுத்தட்டில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய 35 முதல் 40 நிமிடம். எதுவும் இல்லை என்றால் வாணலியில் உதிரியைத் தனியாக நிதானத் தீயில் பொன்னிறமாக வறுத்து, ஆப்பிளைத் தனியாக வதக்கி, பரிமாறும்போது சேர்த்துவிடலாம். சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டு உலகங்களையும் பிரித்துவிட்டதால் வேதியியலுக்கு ஆட்சேபம் இல்லை.

முழு ஆப்பிளை அப்படியே பேக் செய்வதும் உண்டு. நடுவைக் குடைந்து திராட்சையும் வெண்ணெயும் சர்க்கரையும் அடைப்பார்கள். அதில் ஒரே எச்சரிக்கை. ஆப்பிளின் கன அளவில் கால் பங்கு காற்று. தண்ணீரில் அது மிதப்பது இதனால்தான். 30-லிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது அந்தக் காற்று மட்டுமே கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விரியும், கூடவே நீராவி. மெழுகுத் தோல் இரண்டையும் அடைத்துவைக்கும். பழத்தின் இடுப்பைச் சுற்றிக் கத்தியால் தோலை மட்டும் ஒரு கோடு கீறிவிட்டால், வெடிக்காமல் அந்த இடத்தில் மட்டும் விரிந்துகொடுக்கும்.

இருபது நிமிடத்தில் வீட்டை நிறைக்கும் வாசனையைக் கவனியுங்கள். அது ஆப்பிள் வாசனைதான், ஆனால் பழக்கூடையின் ஆப்பிள் வாசனை அல்ல. பச்சைப் பழத்தின் மணம் எஸ்டர்கள் என்ற இலேசான மூலக்கூறுகளால் ஆனது. சூட்டில் முதலில் பறந்துபோவது அவைதான். வெந்த ஆப்பிளின் மணத்தில் பெரும்பங்கு பீட்டா டாமசினோன் என்ற வேறொரு மூலக்கூறுக்கு. பச்சைப் பழத்தில் அது சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் ஒளிந்திருக்கிறது; சூடும் பழத்தின் அமிலமும் சேர்ந்துதான் அதை விடுவிக்கின்றன. முதன்முதலில் இதைப் பிரித்தெடுத்தது பல்கேரிய ரோஜா எண்ணெயிலிருந்து. நூறு கோடிப் பங்கு நீரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். புளிப்பில்லாத ஆப்பிளில் செய்த கிரம்பிள் ஏன் மணத்திலும் மந்தமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஓரங்களில் சாறு கொழகொழவென்று கொதிப்பது தெரிந்தால் எடுத்துவிடலாம். உடனே பரிமாறாதீர்கள். செல்களை ஒட்டிவைத்திருந்த பெக்டின் இப்போது சாற்றில் கரைந்து கிடக்கிறது. சர்க்கரையும் அமிலமும் கூட இருக்கின்றன. ஆறும்போது அதே சங்கிலிகள் மறுபடி கைகோத்துச் சாற்றைக் கெட்டியாக்கும். கால் மணி நேரம் போதும்.

இங்கிலாந்தில் இதன் மேல் சூடான கஸ்டர்ட் ஊற்றுவார்கள். நம் வீட்டுப் பழ சாலட் மூலம் நமக்குத் தெரிந்த அதே கஸ்டர்ட் பவுடர். 1837-ல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், முட்டை ஒவ்வாத தன் மனைவிக்காக முட்டைக்குப் பதில் சோளமாவு வைத்துச் செய்தது. ஊற்றிய சில நிமிடங்களில் முறுகல் ஊறிப்போகும் என்பதால் நான் அதைப் பக்கத்தில்தான் வைப்பேன். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் இரவெல்லாம் பழத்தின் ஈரம் மேலே ஏறி உதிரி நமத்துவிடும். மறுநாள் மைக்ரோவேவைத் தொடாமல், 160 டிகிரி ஓவனில் மூடாமல் பத்து நிமிடம் வைத்தால் மேல்தளத்து ஈரம் வெளியேறி மறுபடி மொறுமொறுப்பாகும்.